அண்ணன் மகள் வரைந்த காமிக்ஸை அச்சடித்துக் கொடுக்கலாமா? (பெங்களூர்)

ஹலசூரு_அத்தை

எல்லோருக்கும் வணக்கம். சிவாஜிநகரில் ஒரு சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், காலேஜ் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் பைண்டிங், இதுதான் பிழைப்பு. என் அண்ணன் மகள் ஃபர்ஸ்ட் பி.யூ. (பதினொன்றாம் வகுப்பு) படிக்கிறாள். நன்றாக வரைவாள். ஒரு பென் டிரைவைக் கொடுத்து, "அத்தை, இதைச் சின்னப் புத்தகமா போட்டுத் தர்றீங்களா? அப்பாகிட்ட சொல்ல வேண்டாம்" என்று கேட்டிருக்கிறாள்.

திறந்து பார்த்தால் காமிக்ஸ். ஒரே காலேஜில் படிக்கும் இரண்டு பெண்கள். ஒருத்தி பாஸ்கெட்பால் ஆடுகிறாள். இன்னொருத்தி லைப்ரரி ஜன்னலிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆபாசமாக ஒன்றும் இல்லை, கடைசியில் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். ஏதோ ஒரு கொரியன் தொடரின் ரசிகர்கள் டிஸ்கார்ட் ஆப்பில் நடத்தும் சர்வரில் (அரட்டைக் குழு மாதிரி) இதைப் பகுதி பகுதியாகப் போட்டு வந்திருக்கிறாளாம். பிரேசிலிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் ஆட்கள் படிக்கிறார்களாம்.

அவள் தன்னைப் பற்றி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அண்ணன் கெட்டவன் இல்லை, ஆனால் முன்கோபி. டிவியில் திருநங்கை ஒருவர் பேசினாலே சேனலை மாற்றுகிற ஆள். நான் இதை அச்சடிக்கலாமா? அந்த சர்வர் நல்ல இடம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அண்ணனிடம் மறைப்பது சரியா?

கோட்டோவியம்

அக்கா, முதல் கேள்விக்கு யோசிக்கவே வேண்டாம். அச்சடியுங்கள். நல்ல தாளில்.

நான் ஸ்ரீராமபுரத்தில் வளர்ந்தவன், இப்போது ஒரு கேம் கம்பெனியில் படம் வரைகிறேன். அவள் வயதில் என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. அனிமே (ஜப்பான் கார்ட்டூன் தொடர்) ஒன்றின் ஹீரோவுக்கும் அவனுடைய எதிரிக்கும் நான் எழுதிய காதல் கதை அதில் முழுக்க. என்னைப் பற்றி நேராக யோசிக்கப் பயம். அந்த இரண்டு பேரைப் பற்றி யோசிக்க ஒரு பயமும் இல்லை. அவர்கள் சண்டை போட்டார்கள், சமாதானம் ஆனார்கள், வாடகைக்கு வீடு பார்த்தார்கள் (பசவனகுடியில், எனக்குத் தெரிந்த நல்ல ஏரியா அதுதான்). இப்படி ஒரு வாழ்க்கையில் வாடகை, சமையல், சண்டை எல்லாம் இருக்கும் என்று எனக்கு முதலில் தெரிந்தது என் சொந்தக் கதையிலிருந்துதான்.

இப்படித் தனக்குப் பிடித்த தொடரின் பாத்திரங்களை வைத்து ரசிகர் கதை எழுதும் பிள்ளைகளில் பலர் பாத்திரத்துக்கு நடப்பதை எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம்தான் மெதுவாகத் தங்கள் பக்கம் திரும்புகிறார்கள். சிலர் திரும்புவதே இல்லை, அவர்களுக்குக் கதை வெறும் கதை. உங்கள் மருமகள் இதில் எந்த வகை என்று அவளுக்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம். அதனால் "நீ அப்படியா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "லைப்ரரிப் பெண் ஏன் இத்தனை பக்கம் வாயே திறக்கவில்லை?" என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் பேசுவாள், பாருங்கள்.

இந்த ரசிகர் உலகத்தைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்றும் நினைக்க வேண்டாம். ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்று ஒரு தளம் 2009-இல் திறந்தது. ரசிகர்களே கட்டியது, தன்னார்வலர்களே நடத்துவது, விளம்பரம் கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது. 2019-இல் ஹியூகோ என்ற அறிவியல் புனைகதை விருது வாங்கியது. அங்கே ஒவ்வொரு கதைக்கு மேலும் யாருக்கும் யாருக்கும் உறவு, எந்த வயதுக்கானது, மனதைப் புண்படுத்தும் விஷயம் எதுவும் உண்டா என்று குறிச்சொற்கள் இருக்கும். எதற்குள் நுழைகிறோம் என்று தெரிந்தே நுழையலாம். நம் சினிமா போஸ்டரில் அந்த மரியாதை கிடையாது.

பழைய_பெங்களூரான்

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், யாரும் கோபப்பட வேண்டாம். கன்டோன்மென்ட் பக்கம் பிறந்து வளர்ந்தவன், பேரன் பேத்தி எடுத்தவன். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் பிள்ளைகள் கொரியன் தொடர், தாய்லாந்து தொடர் என்று அதிலேயே கிடக்கிறார்கள். பார்ப்பதைத்தான் வரைவார்கள். இரண்டு வருஷத்தில் வேறு ஒன்று வந்தால் அதை வரைவார்கள். இதைப் பெரியவர்கள் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டுமா?

இன்னொன்று. தங்கையே, அண்ணனுக்குத் தெரியாமல் செய்வது சரியில்லை. நாளைக்கு அவருக்குத் தெரிந்தால் முதலில் அறுவது உங்கள் உறவுதான். "இனிமேல் அத்தை வீட்டுக்குப் போகாதே" என்று சொல்லிவிடுவார். அப்புறம் அந்தப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? நான் அண்ணனுக்காகப் பேசவில்லை, அவளுக்காகத்தான் சொல்கிறேன்.

நைட்ஷிஃப்ட்_நர்ஸ்

ஐயா சொன்னதில் இரண்டாவது பாதி யோசிக்க வேண்டிய விஷயம். முதல் பாதிக்குப் பதில் சொல்கிறேன்.

தொடரைப் பார்த்து யாரும் மாறுவதில்லை. அப்படி மாறுவதாக இருந்தால், ஆணும் பெண்ணும் காதலிக்கும் படங்களை மட்டுமே பார்த்து வளர்ந்த நம் தலைமுறையில் ஒருவர்கூட வேறு மாதிரி இருந்திருக்கக் கூடாது. இருந்தார்கள், இருக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 1990-இல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இது நோய் இல்லை என்று 2018-இல் வெளிப்படையாகச் சொன்னது. அதே வருஷம் செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதைக் குற்றம் என்று வைத்திருந்த 377-ஆவது பிரிவைத் தளர்த்தியது.

என் கவலை வேறு. முன்கோபமுள்ள அப்பாவுக்கு இது தெரிந்தால் அடி உதையைவிட ஆபத்தான ஒன்று உண்டு, "டாக்டரிடம் காட்டிச் சரி பண்ணிடலாம்" என்பது. நான் வேலை பார்த்த ஒரு இடத்திலேயே அப்படி ஒரு பையனைக் கூட்டி வந்ததைப் பார்த்திருக்கிறேன். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படி "மாற்றுகிறேன்" என்று சொல்லும் மருத்துவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். அடுத்த வருஷம் தேசிய மருத்துவ ஆணையம் அது தொழில்முறைத் தவறு என்று மாநிலக் கவுன்சில்களுக்கு எழுதியது. அத்தை இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எப்போது வாதாட வேண்டி வரும் என்று சொல்ல முடியாது.

அவள் மனம் சரியில்லாமல் இருந்தால் 14416, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். நம் ஊர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைதான் அதற்குத் தலைமை மையம்.

சுவிட்ச்போர்டு

சர்வர் பற்றி நான் சொல்கிறேன். பகலில் மாரத்தஹள்ளியில் ஐடி வேலை, இரவில் ஒரு பாட்டுக் குழுவின் ரசிகர் சர்வரில் மாடரேட்டர், அதாவது ஒழுங்கு பார்க்கிற ஆள். பதின்வயதுப் பிள்ளைகள் ஏராளம். அவர்களில் நிறைய பேர் வீட்டில் ஒரு பெயர், இங்கே ஒரு பெயர் என்று வாழ்கிறார்கள்.

டிஸ்கார்டில் 13 வயது ஆனாலே சேரலாம். அதனால் அவள் அங்கே இருப்பது விதி மீறல் இல்லை. ஆனால் சர்வருக்கு சர்வர் நிலைமை வேறு. நல்ல சர்வர் என்றால் பெரியவர்களுக்கான சேனல் தனியாகப் பூட்டியிருக்கும், விதிகள் மேலே பின் செய்யப்பட்டிருக்கும், மாடரேட்டர் யார் என்று தெரியும், புகார் சொன்னால் யாராவது பதில் சொல்வார்கள். இதையெல்லாம் நீங்கள் உள்ளே போய் வேவு பார்க்க வேண்டியதில்லை. போனால் அவள் நம்பிக்கையும் போய்விடும். "புகார் கொடுக்கணும்னா யார்கிட்ட போவே?" என்று அவளையே கேளுங்கள். உடனே பதில் வந்தால் பெரும்பாலும் நல்ல இடம்தான்.

சர்வரில் இருக்கிறவர்கள் எல்லோரும் தனிச் செய்தி அனுப்பலாம் என்ற அமைப்பை அவள் நிறுத்தி வைக்கட்டும். வலை வீசுகிறவன் பொதுச் சேனலில் வீசமாட்டான். முதலில் படத்தைப் புகழ்வான், அப்புறம் "உன்னை நான் மட்டும்தான் புரிஞ்சுக்கறேன்" என்பான், அப்புறம் வேறு ஆப்புக்குக் கூப்பிடுவான், அப்புறம் போட்டோ கேட்பான். வீட்டில் பேச முடியாத பிள்ளை இவனுக்கு சுலபமாக மாட்டும். மிரட்டலுக்கும் அதுவே வழி, "உங்க அப்பாவுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பிடுவேன்" என்பான். அப்படி ஒன்று நடந்தால் அவள் பயப்படாமல் ஓடி வந்து சொல்ல ஒரு பெரியவர் வேண்டும். அது நீங்கள்தான் அக்கா. புத்தகம் அச்சடித்துக் கொடுத்த அத்தையிடம் சொல்வாள், போனைப் பிடுங்கிய அத்தையிடம் சொல்லமாட்டாள்.

படத்திலும் ஒன்று பாருங்கள். பின்னணியில் நிஜக் காலேஜின் ஐடி கார்டு பட்டை, நிஜ பஸ் நம்பர், வீட்டுப் பக்கத்து மெட்ரோ ஸ்டேஷன் பெயர் இதெல்லாம் இருக்கிறதா? வரையும் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பதைத்தான் வரைவார்கள், ஊர் பெயர் தானாக உள்ளே வந்துவிடும். 18 வயதுக்குக் கீழ் உள்ள பாத்திரங்களை வைத்து ஆபாசமாக எதுவும் கூடாது, படமானாலும் எழுத்தானாலும். ஐடி சட்டம் 67பி அதில் கடுமையானது. அவள் கதையில் அப்படி எதுவும் இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், இருந்தாலும் அந்த சர்வரில் மற்றவர்கள் போட்டால் ஒதுங்கிப்போக அவளுக்குத் தெரிய வேண்டும்.

டேனரிரோடு

எல்லாம் படித்தேன். நல்ல பேச்சு. ஆனால் இது ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகளுக்கான பேச்சாகவே போகிறது. டிஸ்கார்ட், ஆர்க்கைவ், அனிமே. எங்கள் தெருவில் டிஸ்கார்ட் என்றால் யாருக்குத் தெரியும்?

நான் திருநங்கை. சேலம் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வந்தவள். எங்கள் பிள்ளைகளுக்கு மேடையாக இருந்தது டிக்டாக்தான். இங்கிலீஷ் வேண்டாம், டிராயிங் டேப்லெட் வேண்டாம், ஒரு போனும் ஒரு பாட்டும் போதும். சேலை கட்டி ஆடுவாள், ஊரே பார்க்கும், கெட்ட வார்த்தையும் வரும், "அக்கா நீங்க அழகா இருக்கீங்க" என்றும் வரும். 2020 ஜூன் கடைசியில் தடை வந்ததும் ஒரே ராத்திரியில் எல்லாம் காலி. எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் பாதிப் பேர் வேறு ஆப்பில் மறுபடி ஆரம்பிக்கவே இல்லை. அதைப் பற்றி யாரும் கட்டுரை எழுதவில்லை.

எழுத்தாளர் ரேவதி அம்மாவை இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? அவரும் திருநங்கைதான். நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். இந்த பெங்களூரில் எங்களைப் போன்றவர்களின் உரிமைக்காக நடக்கும் சங்கமா அமைப்பில் வேலை செய்தவர். தன் வாழ்க்கையைத் தமிழில் எழுதினார். ஆனால் அது 2010-இல் முதலில் ஆங்கிலத்தில்தான் புத்தகமாக வந்தது. தமிழில் ‘வெள்ளை மொழி’யாக வந்தது அதற்கு அப்புறம். தமிழ்ப் பெண் தமிழில் எழுதியதைத் தமிழர்கள் இரண்டாவதாகப் படித்தோம். பிறகு அதையே தனிநபர் நாடகமாக மேடையேற்றினார், அ. மங்கை இயக்கம். 2019-இல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக நூலகத்தின் முகப்பில் டோனி மாரிசன், மாயா ஏஞ்சலோ என்ற பெரிய எழுத்தாளர்கள் பெயர்களோடு அவர் பெயரையும் துணியில் எழுதித் தொங்கவிட்டார்கள். உங்கள் மருமகள் கொரியாக்காரர்களை ரசிக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அவள் ஊரிலேயே இப்படி ஒருத்தர் இருந்து வேலை செய்தார் என்பதையும் யாராவது அவளுக்குச் சொல்லுங்கள்.

கோட்டோவியம்

அக்கா சொல்வது சுடுகிறது, ஆனால் நியாயம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் தகராறு பண்ணுகிறேன். இங்கிலீஷ் தெரிந்த பிள்ளைகளுக்கும் இதே கதி வந்திருக்கிறது. டம்ளர் என்ற வலைப்பதிவுத் தளம் 2018 டிசம்பரில் பெரியவர்களுக்கான படங்களைத் தடை செய்தபோது, இயந்திரம் வைத்து வடிகட்டினார்கள். தப்பே இல்லாத படங்களும் சேர்ந்து போயின. பால்புதுமைப் (குயர்) பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக அங்கிருந்து வெளியேறினார்கள். கம்பெனிக்காரன் இடத்தில் குடியிருந்தால் ஏழை பணக்காரன் எல்லோருக்கும் வாடகைக் குடித்தனம்தான். காகிதப் புத்தகம் மேல் எனக்கு இருக்கும் பைத்தியத்துக்குக் காரணம் இதுதான்.

டேனரிரோடு

எல்லோருக்கும் வாடகைக் குடித்தனம் சரி தம்பி. உனக்கு அட்வான்ஸ் திரும்பக் கிடைக்கும், எங்களுக்குக் கிடைக்காது 🙂

சண்டைக்குச் சொல்லவில்லை. கம்பெனி இடம் இல்லாமலும் இந்த ஊரில் நடந்திருக்கிறது. ரேடியோ ஆக்டிவ் 90.4, சமூக வானொலி. அதில் பிரியங்கா திவாகர் என்ற திருநங்கை நிகழ்ச்சி நடத்தினார். ஆட்டோவில், பூக்கடையில், கையில் போன் இருக்கும் யாரும் கேட்கலாம். அரவானி ஆர்ட் ப்ராஜெக்ட் 2016-இல் இங்கேதான் ஆரம்பித்தது. திருநங்கைகளும் மற்றவர்களும் சேர்ந்து தெருச் சுவர்களில் பெரிது பெரிதாக முகம் வரைகிறார்கள். சுவரைப் பார்க்க லாகின் வேண்டாம். நான் ஒரு தடவை பிரஷ் பிடித்திருக்கிறேன். போகிற வருகிறவர்கள் முதலில் முறைப்பார்கள், ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள்.

ஜெயநகர்_நாலாவது_பிளாக்

இடையில் புகுந்து ஒரு பழைய கதை. நெட் வருவதற்கு முன்னால் எங்களுக்கு இருந்தது ‘பாம்பே தோஸ்த்’. எங்களைப் போன்ற தன்பாலீர்ப்பாளர்களுக்காக அசோக் ராவ் கவி 1990-இல் ஆரம்பித்த பத்திரிகை. ஒரு பிரதி கைமாறிக் கைமாறிக் கந்தலாகி வரும். கடைசிப் பக்கங்களில் வாசகர் கடிதம். ஏதோ ஒரு சின்ன ஊரிலிருந்து ஒருத்தன் "நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்" என்று எழுதியிருப்பான். 1994-இல் பெங்களூரில் ‘குட் ஆஸ் யூ’ குழு வந்தது. வட்டமாக உட்கார்ந்து பேசுவோம், அவ்வளவுதான். 2008-இல் இங்கே முதல் பிரைடு ஊர்வலம். இன்றைக்குப் பிள்ளைகள் சர்வரில் செய்வதைத்தான் நாங்கள் தபால்தலை ஒட்டிச் செய்தோம். "இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் பிள்ளைகள்" என்று பெங்களூரான் சார் எழுதியதும் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கு உங்கள் வயதுதான் சார்.

நெறியாளர்

ஒரு நினைவூட்டல். இழை நன்றாகப் போகிறது. ஆனால் அந்தப் பெண் எந்தக் கல்லூரி, எந்த சர்வர் என்று கேட்டு இரண்டு பேர் எழுதியதை நீக்கியிருக்கிறேன். நல்ல எண்ணத்தில் கேட்டிருந்தாலும் வேண்டாம்.

ஹலசூரு_அத்தை

எல்லோருக்கும் நன்றி. இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை.

அச்சடிக்கிறேன். ஏ4 தாளை மடித்து நடுவில் ஒரே ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கச் சின்னப் புத்தகம் வந்துவிடும், ஸ்டேப்ளர்கூட வேண்டாம். அவள் கதை அதைவிட நீளம், அதனால் ஏ5-இல் நடுப்பின் அடிக்கலாம் என்று இருக்கிறேன். அட்டைக்கு மட்டும் கலர். படங்களில் காலேஜ் பட்டை இருந்தது, சுவிட்ச்போர்டு தம்பி சொன்ன பிறகுதான் கவனித்தேன். அவளிடம் சொன்னதும் அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பூனையை வரைந்துவிட்டாள்.

புகார் கொடுக்க வேண்டுமென்றால் யாரிடம் போவாய் என்று கேட்டேன். யோசிக்காமல் இரண்டு பேர் சொன்னாள். ஒருத்தர் மாடரேட்டர். இன்னொருத்தர் பெயரை இங்கே எழுதவில்லை.

பெங்களூரான் அண்ணா, நீங்கள் சொன்னது ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணன் கேட்டால் பொய் சொல்லமாட்டேன். கேட்காதவரை நானாகப் போய் சொல்லவும் மாட்டேன். சொல்ல வேண்டியது அவள் விஷயம், என் விஷயம் இல்லை. ஆனால் எப்போதாவது சொன்னால் அன்றைக்கு அவன் கொஞ்சமாவது தயாராக இருக்க வேண்டும். அதற்கு என்ன செய்வது?

மாட்டுங்கா_மாமி

நான் மும்பையிலிருந்து. என் பையன் தனக்குப் பையன்களைத்தான் பிடிக்கும் என்று என்னிடம் சொல்லி ரொம்ப வருஷம் ஆச்சு, இப்போ அவனுக்கு முப்பது தாண்டியாச்சு. எங்காத்து மாமா உங்கள் அண்ணா மாதிரிதான், கோபம் மூக்கு நுனியில்.

அவரை மாற்றியது நான் பேசிய பேச்சு எதுவும் இல்லை. இங்கே கஷிஷ் என்று இவர்களைப் பற்றிய படங்களுக்கான ஒரு திரைப்பட விழா, 2010-இலிருந்து நடக்கிறது. அதற்கு என் பையன் இரண்டு டிக்கெட் கொண்டுவந்து வைத்தான். அவர் ஏசி தியேட்டர் என்பதற்காக வந்தார், உண்மையைச் சொல்கிறேன். ஏதோ ஒரு குறும்படத்தில் ஒரு அப்பா பிள்ளையை வீட்டைவிட்டுத் துரத்துகிறார். வெளியே வந்து வடாபாவ் சாப்பிடும்போது இவர், "அந்த ஆளுக்கு அறிவு இருக்கா? நடு ராத்திரியில பையனை எங்கே போகச் சொல்றான்?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. தன் பிள்ளை விஷயத்தில் ஒரு அப்பாவுக்குத் தெரியாத நியாயம், வேறு ஒருத்தர் பிள்ளை விஷயத்தில் சட்டென்று தெரிந்துவிடுகிறது. கதைக்கு அந்த வசதி உண்டு.

அதனால் உங்கள் அண்ணாவிடம் சட்டம், விஞ்ஞானம் எல்லாம் பேசாதீர்கள், நர்ஸ் அம்மா மன்னிக்கணும். சேர்ந்து டிவி பாருங்கள். சேனலை மாற்றினால், "இருடா, அந்த அம்மா என்ன சொல்றாங்கன்னு கேட்போம்" என்று சொல்லுங்கள். ஒன்றும் விளக்கம் கொடுக்க வேண்டாம். அண்ணிக்கு இதில் எதாவது தெரியுமா? பெரும்பாலும் அம்மாக்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாத மாதிரி இருப்பார்கள்.

இப்படிப் பிள்ளைகள் உள்ள பெற்றோருக்கு இங்கே ஸ்வீகார் என்று ஒரு குழு உண்டு. 2023-இல் ஒரே பாலினத்தவர் திருமணத்துக்கு அனுமதி கேட்ட வழக்கு நடந்தபோது 400-க்கு மேற்பட்ட பெற்றோர் சேர்ந்து தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார்கள். அக்டோபரில் தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வரவில்லை, அது வேறு கதை. சொல்ல வந்தது, அவர்களில் நிறைய பேர் ஒரு காலத்தில் சேனலை மாற்றியவர்கள்தான்.

பழைய_பெங்களூரான்

ஜெயநகர்க்காரர் சிரிக்கட்டும். மாமி சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், மற்றதில் என் சந்தேகம் சந்தேகம்தான். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் கையில் இருக்கக் கூடாது, அதையாவது அத்தை கண்டிப்பாகச் சொல்லலாமே? பி.யூ. மார்க்கும் முக்கியம்.

சுவிட்ச்போர்டு

சார், அதில் நான் உங்கள் கட்சி. வில்லங்கமான தனிச் செய்தி எல்லாம் நள்ளிரவுக்கு மேல்தான் வரும்.

ஆனால் "வீட்டில் அனுமதி வாங்கிவிட்டு வா" என்பது எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் எல்லோரையும் குழந்தை என்றுதான் வைத்திருக்கிறது, அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் சரிபார்க்கப்பட வேண்டும் என்கிறது. காரணம் நல்லதுதான். ஆனால் அப்பாவிடம் சொல்ல முடியாமல்தானே அந்தப் பிள்ளை அங்கே வருகிறது? அதே அப்பாவிடம் கையெழுத்து வாங்கச் சொன்னால் என்ன செய்யும்? எங்கள் மாடரேட்டர் கூட்டத்தில் இதைப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடுகிறது.

நைட்ஷிஃப்ட்_நர்ஸ்

மாமி என்னை மன்னிக்கச் சொல்ல வேண்டாம், உங்கள் வழிதான் வேலை செய்யும்.

அத்தைக்கு ஒரு யோசனை. அமெரிக்காவில் 1994-இல் ‘ட்ரெவர்’ என்று ஒரு குறும்படம் எடுத்தார்கள். தன்பாலீர்ப்புள்ள பையன் ஒருவன் தற்கொலைக்கு முயல்கிற கதை, ஆனால் சிரிக்கவும் வைக்கும். அடுத்த வருஷம் ஆஸ்கர் வாங்கியது. 1998-இல் ஹெச்பிஓ டிவி அதை ஒளிபரப்பப் போகிறது என்றதும் எடுத்தவர்களுக்கு ஒரு பயம் வந்தது. அந்தப் பையனைப் போலவே இருக்கும் ஒரு பிள்ளை இதை வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தால், பார்த்து முடித்ததும் யாரைக் கூப்பிடும்? தேடிப் பார்த்தார்கள், நாடு முழுக்க அப்படி ஒரு நம்பர் இல்லை. ஒளிபரப்போடு சேர்த்து அவர்களே ஒன்றைத் தொடங்கினார்கள். அதுதான் ட்ரெவர் ப்ராஜெக்ட், இன்றைக்கும் நடக்கிறது.

அவள் புத்தகமும் யார் கைக்குப் போகும் என்று தெரியாது. பின் அட்டையில் 14416 போட்டுவிடுங்களேன்.

ஹலசூரு_அத்தை

கேட்டேன். "ஐயோ அத்தை, பாடப்புத்தகம் மாதிரி ஆயிடும்" என்கிறாள். கதை சந்தோஷமாக முடிகிறது, கீழே ஆபத்து நம்பர் போட்டால் ஏதோ வியாதி மாதிரி தெரியும் என்கிறாள். எனக்கு அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

கோட்டோவியம்

அவள் சொல்வது சரி. சந்தோஷக் கதைக்குக் கீழே எச்சரிக்கை ஒட்டுவது எனக்கும் பிடிக்காது. ஆனால் வழி இருக்கிறது. கதைக்குள்ளேயே வரையச் சொல்லுங்கள். லைப்ரரி நோட்டீஸ் போர்டில், டைம்டேபிளுக்குப் பக்கத்தில், பாதி கிழிந்த தாளில் அந்த நம்பர். தேவைப்படுகிற பிள்ளையின் கண்ணில் படும், மற்றவர்களுக்கு அது வெறும் போர்டு.

தமிழிலும் போடச் சொல்லுங்களேன். டேனரிரோடு அக்கா சொன்னதற்கு அதுதான் என் பதில். இங்கிலீஷில் மட்டும் இருந்தால் அவள் பாட்டி படிக்க முடியாது, எங்கள் ஸ்ரீராமபுரத்துப் பிள்ளை படிக்காது.

ஹலசூரு_அத்தை

தமிழில் முயற்சி பண்ணியிருக்கிறாள். பாத்திரங்கள் எல்லாம் செய்தி வாசிக்கிற மாதிரிப் பேசுகின்றன. வீட்டில் பேசுகிற தமிழில் எழுது, நடுவில் கன்னடம் வந்தால் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். பாஸ்கெட்பால் பெண்ணைக் கன்னடக்காரியாக ஆக்கிவிட்டாள் இப்போது. இரண்டு பேரும் பாதி பாதி பாஷையில் பேசுவது அழகாகத்தான் இருக்கிறது.

எழுத்துருதான் பிரச்சினை. என் கடையில் இருப்பதெல்லாம் பத்திரிகைக்கு ஏற்றவை. பாத்திரம் பேசும் பலூனுக்குள் வைத்தால் காதுகுத்து விழா மாதிரி இருக்கிறது.

கோட்டோவியம்

கூகுள் ஃபான்ட்ஸில் கவிவாணர் இறக்கிப் பாருங்கள், கையெழுத்துச் சாய்வு இருக்கும். கத்துகிற இடங்களுக்கு பலூ தம்பி, குண்டாக நன்றாக இருக்கும், மும்பை ஏக் டைப் செய்தது. இரண்டும் இலவசம், அச்சடிக்கவும் தடையில்லை. பழைய போட்டோஷாப்பில் தமிழ் போட்டால் கொம்பு இடம் மாறும், தெற்காசிய எழுத்துக்கான அமைப்பை மாற்ற வேண்டும். இல்லையென்றால் இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் பலூனை மட்டும் போடுங்கள். தமிழ் வார்த்தை நீளம், பலூனைப் பெரிதாக வரையச் சொல்லுங்கள், இங்கிலீஷ் அளவுக்கு வரைந்துவிட்டுப் பிறகு திண்டாட வேண்டாம்.

பென்சில்_2பி

வணக்கம். நான் புதுசு. எனக்கு 17. நானும் வரைகிறேன், பையன்கள் கதை. இந்த இழையைப் படித்துத்தான் கணக்குத் தொடங்கினேன். எங்கள் வீட்டில் இந்த மாதிரி அத்தை கிடையாது. ஸ்கூல் டிராயிங் போட்டியில் என் ஸ்டைல் எல்லோருக்கும் தெரியும். நெட்டில் போட்டால் கண்டுபிடித்துவிடுவார்களா?

சுவிட்ச்போர்டு

வா தம்பி. கண்டுபிடிக்க முடியும், ஆனால் நீ அதைக் கஷ்டமாக்கலாம். புது மெயில், புதுப் பெயர், இந்தப் பெயரையும் வேறெங்கும் பயன்படுத்தாதே. போன் நம்பரில் இருந்து நண்பர்களைத் தேடும் வசதியை எல்லா ஆப்பிலும் நிறுத்து, காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதுதான். நோட்டில் வரைந்ததை போட்டோ எடுத்தால் அப்படியே ஏற்றாதே, அதில் இடம் பதிவாகியிருக்கலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை ஏற்று. மேஜை, பெட்ஷீட், ஜன்னல் எதுவும் ஓரத்தில் தெரியக் கூடாது. ஸ்கூல் போட்டிக்கு அனுப்பிய படத்தையும் இங்கே போடும் படத்தையும் ஒரே மாதிரிக் கையெழுத்துப் போட்டு வைக்காதே. ஸ்டைலை மாற்றச் சொல்லமாட்டேன், அது உன்னுடையது. கண் வரைகிற விதத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிப் பார், ஆட்கள் அதைத்தான் முதலில் அடையாளம் பிடிப்பார்கள்.

எதுவும் எங்கும் ஏற்றுவதற்கு முன்னால் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வை. வீட்டுக் கம்ப்யூட்டரில் வேண்டாம்.

டேனரிரோடு

அத்தை இல்லையென்றால் என்னடா, இத்தனை பேர் இருக்கிறோமே. பொதுவில் கேள், பொதுவிலேயே பதில் சொல்கிறோம். தனிச் செய்தியில் இங்கே யார் வந்தாலும், நானே வந்தாலும், பதில் போடாதே.